அடித்தாள்

சாய்ந்தமருது பிரதான வீதியில்
ரீலோட், போன் உறை, உடைந்த கண்ணாடி மாற்றல்.
ஆறடிக்கு எட்டடி என்ட கடை.
பின்னேரம் ஆள் குறைஞ்ச நேரத்தில்
சங்கிலித் தளத்தில் எழுதுவேன்:
மீன் விலை, மழை, கரண்ட் போன கதை.
ஆரோ நோர்வேக்காரன் விரும்பினால்
அரைக் காசு, கால் காசு விழும்.
மாசக் கடைசியில் டேட்டா கார்ட்டுக்குக் காணும்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது.
எழுதி ஏழு நாள் வரைக்கும் திருத்தலாம்.
மறுகா அது கல்.
உலகத்தின் எந்தெந்த மூலையிலோ
இரைந்துகொண்டிருக்கும் கணினிகள் எல்லாம்
அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கும்.

மகளுக்கு வாங்கின போனுக்கு
றிஸ்கான் தந்த செக் திரும்பியது.
நாற்பத்தாறாயிரம்.
வங்கியில் இருந்து வந்து
செருப்பும் கழற்றாமல் எழுதினேன்:
"மாளிகைக்காட்டு லொறி றிஸ்கான் கள்ளன்.
ஆரும் கடன் கொடுக்காதீங்க."
பதினொரு பேர் விரும்பினார்கள்.
அதிலும் காசு விழுந்தது.

எட்டாம் நாள்
கடை திறக்க முன்னம் வந்து நின்றான்,
முழுக் காசும் றப்பர் வளையம் போட்டு.
"வாப்பா மவுத்து, ராத்தா. அண்டைக்கே.
வங்கிப் பக்கம் போக ஏலல்ல."

அவன் லொறி திரும்ப முன்னம்
போனைத் திறந்தேன்.
திருத்தும் பொத்தான் இல்லை.

இரண்டு வருசம் கழித்து மேம்படுத்தல் வந்தது.
இருபது சாட்சிகள் கூடித் தீர்மானித்தார்களாம்.
அவர்கள் ஆர், எந்த ஊர், தெரியாது.
அறிவித்தலில் பதினேழு விடயங்கள்.
பதினாறு எனக்கு விளங்கவில்லை.
ஒன்று விளங்கியது:
இனிப் பழைய பதிவையும் திருத்தலாம்.

அண்டிரவு தளம் பூட்டிக் கிடந்தது.
சக்கரம் சுற்றிச் சுற்றிச் சுற்றி
சுபஹுக்குத்தான் திறந்தது.
பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டு போய்
றிஸ்கானைப் பிடித்தேன்.
பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.
"உங்கள் கணக்கில் வளம் போதாது."

ஒலுவில் கம்பஸில் படிக்கிற அஸ்மத்துக்கு எடுத்தேன்.
தளத்தை எனக்குக் காட்டித் தந்தவன் அவன்தான்.
"எனக்கும் அப்படித்தான் ராத்தா,
ஒரு சலாம் கூடப் போட ஏலாது.
நாணயம் கூட வெச்சிருக்கிறவனுக்குக் கூடப் பேச்சு.
நமக்கு நாளைக்கு இத்தனை சொட்டுத்தான்."

சொட்டு என்றதும் விளங்கியது.
வாய்க்கால் தண்ணி வட்டைக்கு வாற கதைதான்.
தலைவாய்க்கால்காரன் வயலில் வாத்து நீந்தும்.
கடைசிக் கண்டத்துக்காரன்
மண்வெட்டியோடு வரம்பில் குந்தி இருப்பான்.

குந்தி இருந்தேன், நானும்.
முதல் நாள் ஒரு வீதம். அடுத்த நாள் மூன்று.
மீன் விலை எழுதவில்லை.
கட்டாரில் இருந்து ஒருத்தி
பிள்ளை பிறந்த படம் போட்டாள்.
மூன்று வருசமாய் முகம் தெரியாத பழக்கம்.
அவளுக்கும் ஒரு சொல் சொல்லவில்லை,
சேர்த்து வைத்தேன்.

ஐந்தாம் நாள், இஷாவுக்குப் பிறகு,
"கள்ளன்" என்பதை அழித்துவிட்டு
அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
கன நேரம் இருந்தேன்.
நீளமாய் எழுதினால் வளம் காணாது.
"றிஸ்கான் காசு தந்துட்டார். பிழை என்னில்."
போனது.

அஸ்மத் மெதுவாய்ச் சொன்னான்:
"பழையது அழியாது ராத்தா.
புதுசு அதுக்கு மேலதான் கிடக்கும்.
தோண்டினா வரும்."

இன்று றிஸ்கான் வந்தான்.
நூறு ரூபாய்க்கு ரீலோட்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சவூதியில் இருக்கும் அவன் மச்சான்
எப்பவோ அதைக் காட்டி இருக்கிறான்.
எனக்குத் தெரியும்:
இரண்டு வருசமாய் அவன்
நூறு ரூபாய்க்கும் பில் கேட்கிறான்.

பில் புத்தகத்தைத் திறந்து
கார்பனை நேராக்கி
பேர், திகதி, தொகை,
பணம் பெறப்பட்டது.
பேனையை அழுத்தித்தான் எழுதினேன்,
அடித்தாளிலும் விழட்டும் என்று.