கோரிப்பாளையம் ஒண்ணு

என் ரூட்டு வண்டியிலேயே ஏறினேன்.
ஒச்சப்பன் டூட்டி. பை அவன் தோளில்.
"நமக்கெதுக்கு மாமா டிக்கெட்டு" என்றான்.
"கிழிடா" என்றேன்.
பத்தொன்பது வருஷ சர்வீசில்
காசு கொடுத்து நான் வாங்கிய முதல் டிக்கெட்.
விரல் ஆடிய ஆட்டத்தில் அது
பாலத்தின் மேல் வைத்து ஜன்னலைத் தாண்டியது.
ஆற்றில் தண்ணீர் இல்லை.
ஆகாயத்தாமரையில் எங்காவது கிடக்கும்.

பெரியாஸ்பத்திரி.
டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.
"ஒரு நாளைக்கு எவ்வளவு?"
"கட்டிங்" என்றேன்.
பேனா அசையவில்லை.
"ஒரு குவார்ட்டர்."
பேனா அப்படியே நின்றது.
அம்சவேணியைப் பார்த்தேன்.
அவள் சுவரில் ஒட்டிய போலியோ சொட்டு மருந்துப் படத்தைப்
படித்துக்கொண்டிருந்தாள்.
"மூணு. சம்பளத்தன்னைக்குக் கணக்கு இல்ல.
காலையில மொதோ ட்ரிப்புக்கு முன்னாடி,
பல்லு வெளக்குற மாதிரி."
எழுதினார்.

மணிக்கட்டில் பாண்டி கோவில் கயிறு.
இரண்டு தடவை கட்டி
இரண்டு தடவையும் பிளேடு போட்டாயிற்று.
இது மூன்றாவது.
"கழட்டணுமா?"
"இருக்கட்டும். ஊசி அந்தக் கையில இல்ல."

அப்போதுதான் அம்சவேணி வாய் திறந்தாள்.
மின்கம்பத்தில் இருந்த நம்பருக்குப் பேசி,
ஆயிரத்து எண்ணூறுக்குப் பொடி வாங்கி,
ஆறு மாதம் என் குழம்பில் கலந்தாளாம்.
அயிரை மீன் கெட்டுப்போச்சென்று
நான் தட்டை விட்டெறிந்த ராத்திரிகள் அவை.
பொடிக்குப் பேர் என்ன என்றார் டாக்டரம்மா.
பேர் போடாத பொடி.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை
என்னிடம் இல்லை.
பக்கத்துக் கட்டில் சேவுகன் சொல்லித்தான் தெரியும்,
பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன்.
ராத்திரி முழுக்க நான் ட்ரிப் அடித்தேனாம்.
பழங்காநத்தம் எறங்கு, படியில நிக்காத, உள்ள போ உள்ள போ.
போர்வை நெடுக எறும்பு எறும்பாய் ஏறிய கூட்டம்.
காஸ் துணியோடு கையைக் கட்ட வந்த தேவசகாயம்
கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு
"சிம்மக்கல் ரெண்டு" என்றாராம்.
கிழித்துக் கொடுத்தேனாம், வெறுங்காற்றை.
சேவுகனும் ஒன்று வாங்கினான்,
அவன் கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.
நர்ஸ் ஒரு கையால் வாங்கி
மறு கையால் ஊசியைப் போட்டாராம்.
கடைசியாக அம்சவேணி கை நீட்டினாள்.
"எங்க?"
"வீட்டுக்கு."
"அங்க இந்த வண்டி நிக்காதும்மா. கேட்டு ஏறணும்ல."

இதை அவள் சொல்லவில்லை.
அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து
சேவுகன் சொன்னான்.
சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சில்லறை இல்லையென்றால்
டிக்கெட்டின் முதுகில் மீதியைக் கிறுக்கிக் கொடுப்போம்,
எறங்கும்போது வாங்கிக்க என்று.
கூட்டத்தில் மறந்து இறங்கியவர்களின் காசில்
எத்தனையோ சாயங்காலம் குடித்திருக்கிறேன்.
அவள் மறக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

இப்போது டெப்போவில் லைட் டூட்டி.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை. செவ்வாய்க்கிழமை ரிவ்யூ.
பசுமலை தாண்டினால் வலது பக்கம் கடை.
நான் இடது பக்க சீட்டில் உட்காருகிறேன்,
அவ்வளவுதான்.

ஆவணியில் ஒச்சப்பன் பேரனுக்குக் காதுகுத்து.
கிடாக்கறி, மைக்கில் மொய் வாசிப்பு,
பந்திக்குப் பின்னால் தென்னந்தோப்பு.

செவ்வாய் வந்தது. டோக்கன் நாற்பத்து மூன்று.
வரும்போது ஒச்சப்பன் என் முகத்தைப் பார்க்காமலே
டிக்கெட் கிழித்தான்.
"இந்த வாரம்?"
"ஞாயித்துக்கெழம. ரெண்டு குவார்ட்டர்.
ரெண்டாவதுல பாதி கீழ கொட்டிருச்சு,
அதையும் சேத்தே எழுதிக்கங்க."
பேனா காத்திருக்கவில்லை.

வெளியே அம்சவேணி நின்றாள்.
பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்.
எனக்கு மட்டும்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.