பன்னிரண்டு எழுத்துக்குள்

கட்டம் ஏழில் கேட்டிருக்கிறார்கள்:
இனத்தின் பெயர், பன்னிரண்டு எழுத்துக்குள்.
கட்டம் எட்டு ஏற்கெனவே நிரம்பி வந்திருக்கிறது:
இயல்பு, தீமை. பிறவியிலேயே.
பக்கத்தில் பூட்டுப் படம்; தொட்டால் அசையவில்லை.

பழையபேட்டையில் மாடி அறை.
கீழே செல்போன் ரிப்பேர் கடை,
எதிரே மாங்கூழ் ஆலைக்கு நிற்கும் லாரிகள்.
ஜூன் முழுக்க இந்தத் தெருவுக்கு ஒரே வாசனை,
ஈக்களுக்குத் திருவிழா.
சொல்லுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா வீதம்
அசுரக் கூட்டம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அரக்கர் என்று அடித்தேன். அழித்தேன்.
அந்தச் சொல்லால் யார் யாரைச் சுட்டினார்கள் என்ற வழக்கு
இன்னும் முடியவில்லை.
காட்டுமிராண்டி?
காட்டிலிருந்து வருகிறவரை எனக்குத் தெரியும்,
அஞ்செட்டிப் பக்கம்.
புளி கொண்டுவருவார்,
சில்லறையை இரண்டு முறை எண்ணித் தருவார்.
இழிபிறப்பு என்றது அகராதி.
கூச்சமே இல்லாமல்
அடுத்த வரியில் எடுத்துக்காட்டும் வைத்திருந்தது.
தேடத் தேட
எல்லாச் சொல்லிலும் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார்கள்.
காலி வீடு ஒன்றுகூட இல்லை.

பெங்களூரிலிருந்து குறிப்பு வருகிறது:
வீரர்கள் செந்தமிழில் பேசட்டும்.
எதிரிகளுக்குக் கொச்சை.
தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பேச்சு பொருந்தும்,
உங்களுக்கு எளிதுதானே.

எளிதுதான்.
இன்று காலை பால் வாங்கும்போதுகூட
அசுர பாஷைதான் பேசினேன்.

படமும் வந்திருந்தது.
கறுத்த தோல், தடித்த உதடு, அகன்ற மூக்கு.
திரையின் இருட்டில்
அதற்குப் பக்கத்திலேயே என் முகமும் தெரிந்தது.
பிரைட்னஸைக் கூட்டிவைத்தேன்.

விளையாடிச் சோதிப்பவன் திம்மராஜ்.
பகலில் ஓசூரில் கம்பெனி, ராத்திரியில் இது.
"அக்கா, நாள் பூரா சூப்பர்வைசர்கிட்ட
தலையாட்டிட்டு வர்றேன்.
யோசிக்காம அடிக்க ஒருத்தன் வேணும்.
அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குன்னு நீ எழுதிட்டா
நான் எங்க போயி அடிக்கறது?"
என்னிடம் பதில் இல்லை.
அவன் சொல்வதில் பாதி நியாயம்.
மீதிப் பாதியால்தான் தூக்கம் வரவில்லை.

போன ஞாயிறு பஸ்சுக்குக் காத்திருந்த இடத்தில்
ஒரு நடுகல். யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.
வில்லோடு ஒருவன், காலடியில் மூன்று மாடு,
மார்பில் அம்பு.
எய்தவன் கல்லில் இல்லை.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்;
நோவதற்கு இங்கே அம்பு மட்டும்தான் மிச்சம்.
அவனுக்கும் ஓர் ஊர் இருந்திருக்கும்.
அந்த ஊரில் ஒரு கல் இருந்தால்
அதில் அவன் வீரன்,
இவன் முகமில்லாத கும்பல்.
கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை.
பூதான் இரண்டு.
மாடு அதே மாடு.

கட்டம் பத்தொன்பது: சாகும்போது எழுப்பும் ஒலி.
மூலத்தில் வெறும் உறுமல்.
ஆனால் அறுபது எழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்,
ஏனென்று தெரியவில்லை.
யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்
எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதினேன்:
"மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டலயே."

விடிகாலை நாலு மணிக்குப் புகார் வந்தது.

பழுது எண் 212.
எதிரி சாகும்போது பேசுகிறது.
இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை.
தீவிரம்: அதிகம்.

கட்டம் ஏழு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
புகாரை மூடப் போனபோதுதான் பார்த்தேன்,
இணைப்புக் கோப்பின் பெயர் எழுதும் இடத்தில்
திம்மராஜ் தட்டிவைத்திருந்ததை:
அப்புறம் யாருக்கா தண்ணி காட்டுனாங்க?