செக் சொல்லாமல்

கொக்குவில். பாடசாலை மண்டபம்.
ஆறாம் சுற்று, நாலாம் மேசை.
என் மந்திரியைக் கொடுத்து
அவருடைய வேலியைப் பிரித்து இருபது நிமிடம்.

ஜீ நிரலில் காலாள் இல்லை. எச் நிரலிலும் இல்லை.
ராஜா நிற்கிறார்,
கிணற்றடியில் துவாயைக் காற்றுக்குக் கொடுத்த ஆள் மாதிரி,
எஃப் ஏழை ஒரு கையால் பொத்திக்கொண்டு.

எதிரே கிளாறன்ஸ்.
குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்குப் பார்ப்பவர்.
வெட்டிய மந்திரியை மேசையில் வைக்கவில்லை,
இடது உள்ளங்கைக்குள் உருட்டிக்கொண்டே இருக்கிறார்.
அவருடைய ராணி எங்கேயோ ஏ இரண்டில்
ஓசிக் காலாளைத் தின்றுவிட்டு
வீட்டு நினைப்பில்லாமல் நிற்கிறாள்.

ராணி ஜீ ஐந்து. செக்.
ராஜா மூலைக்கு.
ராணி எச் ஆறு. செக்.
ராஜா பழைய இடத்துக்கு.

செக் என்ற சொல்லில் ஒரு போதை இருக்கிறது.
சொன்ன உடனே எதிராளி எழும்பி ஓடுகிறான்,
நான் பெரிய ஆள் என்று தோன்றுகிறது.
அடுத்த மேசைப் பொடியன்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.
ஆனால் ஓடுகிறவன் எங்கே போய் நிற்கிறான்?
நான் விட்ட இடத்தில்தான்.

"ட்ரோ எடுப்பமோ, தங்கச்சி?"
கிளாறன்ஸ் பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.
என் மணிக்கூட்டில் நாலு நிமிடம்.
சோளகம் யன்னலால் வந்து
ஆட்டத்தாளின் மூலையைத் தூக்கிப் பார்த்தது.
அரைப் புள்ளி. ஆறுமணி பஸ். இரவுக் கடமை.
ஓம் என்று சொல்ல வாய் திறந்தும் விட்டேன்.

அந்த நேரம் ரயில் வந்தது.
தண்டவாளம் மதிலுக்கு அந்தப் பக்கம்.
பலகை முழுக்க நடுங்கியது, எல்லாக் காய்களும்,
ஈ ஒன்றில் தொடக்கத்திலிருந்தே
தூங்கிக்கொண்டிருந்த என் கோட்டையும்.

எங்கள் ஊர்க் கோட்டை நகராது.
இது நகரும்.

ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு நாளும் செய்கிற வேலைதான் இது.
சிலருக்கு நாளம் வழுக்கும்.
ஊசியால் துரத்தினால் தோலுக்கடியில் விலகி விலகிப் போகும்,
கை நீலமாகும், ஆள் கத்துவார், இரத்தம் வராது.
முதலில் கட்டைவிரலால்
தோலை இழுத்துப் பிடிக்க வேணும்.
அது வலிக்காது.
அதற்குப் பிறகு நாளத்துக்குப் போக இடமில்லை.

எண்ணினேன்.
நான் சும்மா இருந்தால் அவருக்கு ஒரு நகர்வு. ஒன்றே ஒன்று.
ராணி வீட்டுக்கு வரப் பார்த்தால், தூரம்.
பக்கத்துக் கோட்டை விலகி வழி விட்டால்
எஃப் எட்டை என் ராணி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
எஃப் காலாள் இரண்டு கட்டம் பாய்ந்தால்...
பாய்ந்தால்?

அங்கே ஒரு நிமிடமும் பத்து விநாடியும் போனது.
தொண்டை காய்ந்தது.
ஒரு பிளேன்ரீக்கு ஆசைப்பட்டேன், வெட்கமில்லாமல்.
பிறகுதான் கண்ணில் பட்டான்
ஈ ஐந்தில் நிற்கிறவன்,
பத்தாம் நகர்வுக்குப் பிறகு யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதவன்.

கோட்டை, ஈ மூன்று.

செக் இல்லை. வெட்டு இல்லை.
மரத்தை மரத்தில் வைத்த சத்தம் மட்டும்.
பொடியன்கள் சலித்து அடுத்த மேசைக்குப் போனார்கள்.
கிளாறன்ஸ் முதன்முறையாக
என் முகத்தைப் பார்த்தார்.
தாளில் எழுதத் தொடங்கிய பேனை
பாதியில் நின்றது.
இல்லாத செக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறு நிமிடம் யோசித்துக் காலாளைப் பாய்ச்சினார். எஃப் ஐந்து.
என் காலாள் போகிற போக்கில் அதை எடுத்து
ஆறாம் வரிசையில் ஏறி நின்றான்.
இனி ஜீ ஏழு. அல்லது ஜீ மூன்று.
எந்த வாசலையாவது அவர் சாத்தலாம்.
ஒன்றைத்தான்.

அவர் சாத்தவில்லை.
மணிக்கூட்டை நிறுத்தி வலது கையை நீட்டினார்.
"கோட்டையை மறந்தே போனன்" என்றார்,
யாரோ கடன்காரரைச் சொல்வதுபோல.

பிறகு இடது கையைத் திறந்து
என் மந்திரியை அதன் முதல் கட்டத்தில்,
சீ ஒன்றில், வைத்தார்.
பெட்டிக்குள் போட எடுத்தபோது
சூடாக இருந்தது,
கொஞ்சம் ஈரமாகவும்.