பன்னிரண்டு வோல்ற்

பாசையூர்க் கரையில் மூன்று நாளாய்
இந்தப் படகோடு மல்லுக்கட்டுகிறேன்.
பதினெட்டரை அடி. நீலம், நேற்று அடித்தது.
பெயர் இன்னும் எழுதவில்லை,
எழுதுகிறவன் கலியாண வீட்டுக்குப் போய்விட்டான்.

பற்றரியை அணியத்தில் வைக்கச் சொன்னார் எமிலியானுஸ்.
"அங்கைதான் பிள்ளை இடம் கிடக்கு."
இடம் கிடக்கு. அலையும் அங்கைதான் கிடக்கு.
நடுப் பலகைக்குக் கீழே,
எண்ணெய்த் தாங்கிக்கு நாலு முழம் தள்ளி,
பெட்டிக்குள் இறக்கி
இரண்டு பட்டி போட்டு இறுக்கினேன்.
படகு தலைகீழானாலும் இது இருக்கும் என்றேன்.
அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கூரைகளில் சோலர் பூட்டின கை என்னுடையது.
கூரையில் வெயில் மட்டும்தான் எதிரி,
அது நேரே முகத்துக்கு வரும்.
உப்பு அப்படியில்லை.
பழைய படகில் வெட்டி எடுத்த வயரை
உரித்துக் காட்டினேன்:
செம்பு இருந்த இடத்தில் பச்சைப் பொடி.
ஆறடி தூரம் உள்ளுக்குள்ளாலேயே நடந்திருக்கிறது,
தோலில் ஒரு கீறல் இல்லை.

இழைக்கு இழை வெள்ளீயம் பூசின வயர்
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
விலையைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி
உள்ளே பார்த்துவிட்டு
திரும்பப் போட்டார் எமிலியானுஸ்.

"பியூஸ் எதுக்கு ஜெனிற்றா அக்கா,
நேராய்க் குடுத்துவிடுங்கோவன்."
மருமகன் றொக்சன். கையில் போன்,
வாயில் ரொபி.
நேராய்க் கொடுத்த படகொன்று போன மாரியில்
ஜி.பி.எஸ். பலகையோடு கருகியது.
திக்குத் தெரியாமல் காற்றோடு போய்
கோடு தாண்டி,
மூன்று கிழமை மறியல்.
ஓர் ஐந்து அம்பியர் பியூஸ்
ஒரு பிளேன்ரீயின் விலை.
றொக்சன் ரொபித் தாளைச் சுருட்டி
பியூஸ் இருக்கும் இடத்தில் வைத்துக் காட்டினான்.
பகிடிக்குத்தான். நான் சிரிக்கவில்லை.

சங்கக் கடனுக்குப் பிணை நின்ற இரண்டு பேரில்
நானும் ஒருத்தி.
அதனால் ஒவ்வொரு முனையையும்
கவ்வி நெரித்து, சூடு காட்டி, கிரீஸ் தடவி
இழுத்துப் பார்க்கிறேன்,
கடன்காரன் இழுப்பதைவிடக் கொஞ்சம் பலமாய்.

மத்தியானச் சாப்பாட்டில்
பற்றரிப் பெட்டியை முட்டியால் தட்டினார் எமிலியானுஸ்.
"முந்தி இதைக் கொண்டுவர ஏலாது.
தடைப் பட்டியலிலை கிடந்தது,
சவுக்காரத்தோடை."
அவ்வளவுதான் சொன்னார்.
கோப்பையில் கணவாய்க் கறியின் மையை
விரலால் இழுத்து இழுத்து
நெடுநேரம் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பொழுதுபட்டதும் சுவிச்சைத் தட்டினேன்.
கரை முழுக்கக் கைதட்டியது.
வலை பொத்திக்கொண்டிருந்த வெலிச்சோர் மட்டும்
தலையைச் சரித்துப் பார்த்து,
"இது பின்பக்கமாய் ஓடுற படகோ?"

இடப்பக்கம் பச்சை. வலப்பக்கம் சிவப்பு.
பிழை என்னுடையது.
எஞ்சினைப் பார்த்துக் குந்தியிருந்து பூட்டியிருக்கிறேன்:
என் இடது கை, படகின் வலது.
பன்னிரண்டு வோல்றுக்கு இதெல்லாம் கவலையில்லை,
கொடுத்த பக்கம் எரியும்.
எதிரே வருகிறவன்தான்
ஏமாந்து எங்கள்மேல் ஏறுவான்.
கழற்றினேன். மாற்றினேன்.
றொக்சன் ரோச் பிடித்தான், ஒன்றும் பேசாமல்.
அதற்கு அவனுக்கு நன்றி.

அன்றிரவே போய்விட்டார்கள்,
பெயர் எழுதாத படகில்.
பின்லைற்றின் வெள்ளை
மண்டைதீவுப் பக்கம் சிறுத்துக்கொண்டே போனது.
நான் வீட்டுக்குப் போகவில்லை என்று
யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பிறகு வெளிச்சங்கள்.
சிவப்பு மட்டும் தெரிந்தால்
அது குறுக்கே போகிற படகு.
பச்சை மட்டும் என்றாலும் அப்படித்தான்.
வேறு கரை, வேறு பிணைகாரர்.

பிறகு இரண்டும் ஒன்றாய்,
பக்கத்தில் பக்கத்தில்,
என்னை நேரே பார்த்தபடி.

எழும்பி மண்ணைத் தட்டினேன்.
பச்சை ஒருமுறை இமைத்தது.

எந்த இணைப்பு?
அணியத்து வளைவிலா, சுவிச்சுக்குப் பின்னாலா?
படகு கரை தொடும்முன்
குறட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.