நிபந்தனை ஏழு

ரெட்டியார்பட்டிச் சாலையிலிருந்து உள்ளே
ஓடைப் பாலத்தைத் தாண்டினால்
ஒரு ஏக்கர் எழுபது செண்ட்.
வரிசை வீடு பதினாறு.
சுவர் பொது, மாடிப்படி தனி,
வாசல் எல்லாம் கிழக்கு.

நிபந்தனை ஏழு சொல்கிறது:
மனையில் நிற்கும் மரங்களை
நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்து
எண்ணிட்டு, வரைபடத்தில் காட்டுக.
வெட்டுவதற்குப் புள்ளி வட்டம்,
காப்பதற்கு முழு வட்டம்.
கிளை விரியும் எல்லைக்குள்
தோண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது,
சிமெண்ட் குழைக்கக் கூடாது.

யார் நெஞ்சு என்று அதில் இல்லை.
டேப்பைப் பிடித்த பூதப்பாண்டி ஆறடி.
எழுதிக்கொண்ட நான்
நாலடி பத்து அங்குலம்.
ஒரே வேம்புக்கு இரண்டு கணக்கு வந்தது.
பெரியதை எழுதினோம்.

வேம்பு ஒன்பது, உடை ஏழு, புங்கு மூன்று,
ஓடைக்கரையில் மருது, அதையொட்டி ஒரு மஞ்சணத்தி,
பெயர் தெரியாதவை இரண்டு.
வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டுக்கொண்டே போனோம்.
எட்டின் ஈரத்தில் ஒரு கட்டெறும்பு ஏறி
அங்கேயே ஒட்டிக்கொண்டது.

பதினேழில்தான் சிக்கல்.
வேம்பு, எண்பத்தாறு அங்குலம்,
ஆறாம் வீட்டுக் கூடத்துக்கு நட்டநடுவே.

கோமதிநாயகம் முதலாளி
நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு
மெல்லச் சொன்னார்:
"ஏம்மா, அதை ஒரு எட்டடி
தெக்க தள்ளி வச்சிரேன்.
காகிதத்துலதானே."

நூற்றுக்கு ஒன்று அளவில்
எட்டடி என்பது இரண்டு விரற்கடை.
மௌஸால் பிடித்து இழுத்தேன்.
வேர் தடுக்கவில்லை.
ஒரு காக்கைகூட எழுந்திருக்கவில்லை.
வீட்டு மூலையைத் தாண்டிப் போய்
சாலையோரம் நின்றுகொண்டது,
முழு வட்டமாகவே.
அச்சிட்டு அடியில் கையெழுத்தும் போட்டேன்.
வரைந்தவர்: ஞா. ரூபாவதி.

ஆனிக் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு நாளில்
நகரமைப்பு அலுவலகத்திலிருந்து
ஒரு பெண் வந்தார்.
விரித்தால் படம் பறக்கிறது.
நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்தோம்.
பதினேழு எங்கே என்றார்.
காட்டினேன், படத்தில்.
நிழல் எங்கே என்றார்.
அது எங்கள் கால்மேல் கிடந்தது.

திட்டவில்லை.
சிவப்புப் பேனாவை எடுத்து
மரம் நிற்கிற இடத்தில்
கையாலேயே ஒரு வட்டம் போட்டார்.
கோணல் வட்டம்.
என்னுடையதைவிட மரம் மாதிரி இருந்தது.

ஆறாம் வீடு பின்வாங்கியது.
கூடம் சிறுத்து, சுவர் ஒரு மடிப்பு மடிந்தது.
"என்னம்மா இது, நண்டு வளை கணக்கா?
தூக்குக்குண்டுக்கே தலை சுத்துது"
என்றார் கொத்தனார் மாசானம்.
பொதுச் சுவர் என்பதால்
ஐந்தாம் வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்தார்.

ஆறுக்கு முன்பணம் கட்டியிருந்த தங்கபுஷ்பம்,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
முப்பது வருஷம் நர்ஸ்,
வந்து சுற்றிப் பார்த்தார்.
மரத்தைத் தொடவில்லை.
"நாப்பத்திரண்டு சதுர அடி குறையுது.
துட்டு எவ்வளவு குறைப்பிய?"
முதலாளி நிழலைப் பற்றி ஆரம்பித்தார்.
"நிழலு பகல்லதான்.
லோன் வட்டி ராத்திரியும் ஓடும்லா."
ஒன்றேகால் லட்சம் குறைந்தது.

வெட்டிய ஒன்பதுக்குத் தொண்ணூறு கன்று
என்பதும் அதே நிபந்தனைதான்.
குழி தோண்டி, குச்சி கட்டி, எண் தொங்கவிட்டோம்.
ஆடு தின்றது பதினொன்று.
தண்ணீர் லாரி பின்னால் எடுக்கும்போது நாலு.
படத்தில் தொண்ணூறும் நிற்கின்றன,
ஒன்றை நகலெடுத்து ஒட்டியவை,
ஒரே பச்சை, ஒரே விட்டம்.

இன்று முடிவுச் சான்றுக்குப் படம் போக வேண்டும்.
நாற்காலி மறுபடி என் பக்கம் திரும்புகிறது.
"தொண்ணூறுன்னே இருக்கட்டும்மா."

டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.
முதல் கன்று புங்கு.
நெஞ்சு உயரம் அதற்கு இன்னும் வரவில்லை.
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
கணுக்கால் உயரத்தில் அளந்தேன்:
ஒன்றரை அங்குலம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.