சொத்தை

ஐம்பது டிரான்சிஸ்டர் வாங்கினேன்.
ஐம்பதும் நல்லவை.
சான் லூயிஸ் தெருக் கடையில் எவரிஸ்டோ
"ஒன்றுகூடப் பழுதில்லை, சோதித்துப் பார்" என்று
பெருமையாய்ப் பொட்டலம் மடித்தபோதே
எனக்கு வயிறு கலங்கியது.

எனக்கு வேண்டியது ஒரு சொத்தை.
கடலைக்கு நடுவில் நாக்கு கண்டுபிடித்துத் துப்புமே,
அது.
மின்சாரம் உள்ளே போகும்போது
மணல் சரிகிற மாதிரி இரைய வேண்டும்.
அந்த இரைச்சல் இல்லாமல்
என் பெட்டியின் ஸ்னேர்
ஈரத் துணியைத் தரையில் போட்ட சத்தம்.

ரொசாரியோவில் ஜனவரி, நாலாம் மாடி.
மின்விசிறியை நிறுத்திவிட்டுக்
காதில் ஹெட்போனும் கழுத்தில் வியர்வையுமாய்
ஒவ்வொன்றாய்ச் செருகுகிறேன்.
அமைதி. அடுத்தது. அமைதி.
இத்தனை ஒழுக்கத்தை
நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
மோட்டார் முனகினால் போதும்,
எந்தப் பல் தேய்ந்தது என்று படியில் நின்றே சொல்வேன்.

அசல் பெட்டி அமில்காரிடம்.
கப்பல் சமையல்காரன் ஒருவன்
சீட்டாட்டக் கடனுக்கு ஈடாய் விட்டுப்போனதாம்.
பதினாறு பொத்தான், சிவப்பிலிருந்து வெள்ளை வரை.
கை கழுவிவிட்டு வந்தால் தொடலாம்,
கேட்டுவிட்டு வந்தால் தட்டலாம்.
விலை கேட்டால் பேச்சு மாறும்.

ஆகவே எனக்கென்று ஒன்று:
சர்க்யூட் தாளை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி,
பலகையை அமிலத்தில் கழுவி,
பாகங்களுக்குச் சுங்கத்தில் ஆறு வாரம் காத்து.
"உள்ளே என்ன?" என்றான் அதிகாரி.
"மின்தடைகள்."
"எதற்குத் தடை?"
அந்த நேரத்தில் எனக்குப் பதில் தோன்றவில்லை.
திரும்பும் பேருந்தில் நாலைந்து தோன்றின.

முதல் இரவு கிக் விக்கியது.
கைதட்டல் வரவேண்டிய இடத்தில்
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
கௌபெல் மட்டும் கூப்பிடாமல் வந்தது,
போகச் சொன்னால் போகவில்லை.
ஒரு டயோடு, தலைகீழாய்.
அதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள்.
பக்கத்து வீட்டு நெலிடா
"மாடு வாங்கிவிட்டாயா?" என்று கேட்டாள்.

பிறகு ஞாபகம் வந்தது
பட்டறை மூலையில் கிடந்த அட்டை.
கொர்ரியென்தெஸ் தெருவில் பழைய கட்டடம்,
ஏழாம் மாடியில் மட்டும்
லிஃப்ட் கதவு மூடத் தயங்கும்.
மூட வரும், நிற்கும், யோசிக்கும்,
உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.
காரணம் தெரியாமல்
முழு அட்டையையும் கழற்றி, புதியது போட்டு,
கையெழுத்து வாங்கி வந்தவள் நான்தான்.

இருபத்துமூன்று டிரான்சிஸ்டர்.
ஈயம் உருக்கி உருவினேன்.
பதினேழாவது
ஷ்ஷ்ஷ்ஷ்
என்றது.

நீதானா.

அமில்கார் தன் பெட்டியைப்
போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்.
லிஃப்டில் ஏற மாட்டேன் என்று
நாலு மாடியும் படியில்.
முதுகு காட்டி உட்காரச் சொன்னேன்.
ஒன்றைத் தட்டினேன். மற்றதைத் தட்டினேன்.
"முதலாவது என்னுடையது," யோசிக்கவே இல்லை.
சரிதான். எனக்கு முகம் தொங்கியது.
மாத்தே உறிஞ்சி முடித்தார்.
கோப்பையை என்னிடம் நீட்டினார்.
திரும்பவில்லை.
"இரண்டாவதை மறுபடி போடு," என்றார்.
போட்டேன்.
"மறுபடி."

எத்தனை முறை என்று எண்ணவில்லை.
ஒவ்வொரு இரண்டாம் அடியிலும்
ஏழாம் மாடிக் கதவு
வந்தது, நின்றது, யோசித்தது.
சுவருக்கு அப்பால் நெலிடா
கரண்டியால் எதையோ தட்டினாள்,
கோபமாக இருக்கலாம்,
ஆனால் தாளம் பிசகவில்லை.

ஜாடியில் ஐம்பதும் அப்படியே இருக்கின்றன.
அவற்றின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.
திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோவேன்.
கதவுகள்
யோசிக்காமல் மூடும்.