செவ்வாயும் வெள்ளியும்

முத்தையன்கட்டு இடதுகரையில்
வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மூன்று வீடு எனக்கு.
செவ்வாயும் வெள்ளியும் கயிலாயபிள்ளை ஐயா.
படலைக்கு நான் வரமுன்னமே
"செயின் காய்ஞ்சு போச்சு பிள்ளை, எண்ணெய் விடு"
என்று உள்ளேயிருந்து குரல் வரும்,
என்னையும் காணாமல், சைக்கிளையும் காணாமல்.
நாற்பது வருசம் உழவு இயந்திரம் திருத்திய காது.
கைதான் இப்போது
தேத்தண்ணிக் கோப்பையை
மேசைவரை கொண்டுபோக மறுக்கிறது.

போன மாரியில் கக்கூசில் வழுக்கி
விடியும்வரை கிடந்தவர்.
பிறகுதான் நாங்கள் வந்தோம்.
சுவரில் ஒரு கைபிடி,
படி இருந்த இடத்தில் சீமெந்துச் சரிவு,
குளிக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரை,
கிழமைக்கு இரண்டு தரம் நான்.
கைபிடிக் குழாயை நகத்தால் தட்டிப் பார்த்தார்.
"ஒன்றரை இஞ்சி போட்டிருக்கலாம்.
சரி விடு, நானும் இப்ப அவ்வளவு பாரமில்லை."

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு:
இந்த முகவரியில் எத்தனை ஆண்டுகள்?
காணி எழுதின வருசமோ,
வீட்டுத்திட்டம் கிடைத்த வருசமோ,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
நித்திரை கொள்ளத் தொடங்கின வருசமோ
என்று திருப்பிக் கேட்டார்.
பெட்டி சின்னது.
பன்னிரண்டு என்று போட்டேன்.

மகள் சூரிச்சிலிருந்து என்னோடுதான் கதைப்பாள்.
வவுனியாவில் நல்ல இல்லமாம், அக்கா,
நேர்ஸ் இருக்காம்,
இரவில் விழுந்தாலும் ஆள் வருமாம்,
நீங்கள் சொன்னால் கேட்பார்.
அவள் அழுதாள். பிழை சொல்ல எனக்கு மனமில்லை.
சொன்னேன்.
அவர் விரல் மடக்கத் தொடங்கினார்.
மல்லாவி, ஒட்டுசுட்டான்,
புதுக்குடியிருப்பில் இரண்டு தரம்,
இரணைப்பாலை, பொக்கணை,
பேர் தெரியாத ஒரு பனங்கூடல்...
ஒரு கை முடிந்து, மற்றக் கை முடிந்து,
திரும்ப முதல் கைக்கு வந்து
பதினாலில் நின்றார்.
சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நின்றது.
"இது இப்பிடியே இருக்கட்டும், பிள்ளை."

திட்டத்துக்குக் காசு மார்கழிவரைதான் என்று
அலுவலகத்தில் கடிதம் வாசித்தார்கள்.
அவருக்கு நான் சொல்லவில்லை.
ஆனால் அந்தக் காது!
அன்று நகம் வெட்டுகையில் கேட்டார்:
"சைக்கிள் உன்ரையோ, அவையின்ரையோ?"
"என்ரை" என்றேன்.
"நல்லது."

போன வெள்ளி
தண்ணீர் அள்ளி வைத்து, சறம் மாற்றி,
கதிரையில் இருத்திய பிறகுதான் கண்டேன்,
சவர்க்காரம் முடிந்திருந்தது.
கடை இரண்டு கட்டை தூரம்.
ஈரத் தலையோடு அவரை விட்டுப் போகவும் ஏலாது.
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினார்.

ஒரு பை.
வாரில் இன்னும் சேறு.
பொலித்தீனில் உறுதி,
ஒரு சறம், கசிந்துபோன இரண்டு பற்றரி,
நெருப்புப்பெட்டி, ஒரு பத்து–பன்னிரண்டு சாவி,
மகளின் சாதாரணதரச் சான்றிதழ்,
அடியில், செட்டிகுளம் முகாமில்
வரிசையில் நின்று வாங்கின சவர்க்காரம்,
உறை பிரிக்காமல்.

நுரைக்கவில்லை. கல்.
வாளியில் ஊறப்போட்டு இரண்டு பேரும் காத்திருந்தோம்.
கைபிடியைப் பிடித்தபடி அவர்,
முதுகில் வெயில் விழாமல் நின்றபடி நான்.
வாய்க்காலில் யாரோ மோட்டார் இழுத்தார்கள்.
"பிளக் ஊத்தை" என்றார்.
பிறகு மெல்ல,
பழைய மணம் ஏதுமில்லாமல்,
நுரை வந்தது.
காதுக்குப் பின்னால், கழுத்தில்,
தோளில் தையல் போட்ட இடத்தில்,
விரலிடுக்குகளில்.

துடைத்து முடிய
"பையை உள்ளுக்குத் தள்ளிவிடு" என்றார்.
தள்ளினேன். சிப் கொழுவவில்லை,
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தில் நிரப்பினேன்:
குளிப்பாட்டியது. நகம் வெட்டியது.
பிரஷர் நூற்றி நாற்பதுக்குத் தொண்ணூறு.
குளிசை இரண்டு நேரமும் போட்டிருக்கிறார்.
வேறு விபரம் என்ற கோட்டில்
பேனையை வைத்து, எடுத்து, வைத்து,
சவர்க்காரம் வாங்க வேண்டும்
என்று எழுதினேன்.